கூலி கொடுத்தார்க்கு நிரல் உரியதா?

பொற்கொல்லரிடம் பொன்னும் கூலியும் கொடுத்துச் செய்வித்த நகை, கொடுத்தவர்க்கே உரியது. இதில் வழக்கில்லை. பணம் கொடுத்து இணையத்தளம் அமைத்துக்கொண்ட சங்கமும் பள்ளியும், தளத்தின் நிரலும் அவ்வாறே தமக்குரியது என எண்ணுகின்றன. அவ்வெண்ணம் ஜொகூர் கடற்பாலத்தின் ஒரு கரையில் பெரும்பாலும் சரி, மறுகரையில் தவறு.

நிரல் என்பது கணினிக்கு இடும் கட்டளைகளின் எழுத்து வடிவம். சட்டம் அதனை இயந்திரத்தோடு சேர்க்காமல், கதை, கட்டுரைகளைப் போல இலக்கியப் படைப்பு என்னும் வகையில் சேர்த்துள்ளது. (ஓர் எழுத்துப் பிழையைக்கூடப் பொறுக்காத இலக்கியம் இஃது ஒன்றே போலும்!) ஆகவே அதற்கும் பதிப்புரிமை உண்டு.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 26ஆம் பிரிவில், ஒருவர் கேட்டுச் செய்வித்த படைப்பின் உரிமை செய்வித்தவர்க்கு மாறியதாகவே கொள்கிறது. வேறு விதமாக உடன்பட்டிருந்தால்தான் விலக்கு. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுச் சட்டமோ நிரலின் உரிமையை எழுதியவரிடமே விடுகிறது. சம்பளத்துக்கு அமர்ந்த ஊழியர் தம் பணியில் எழுதியது முதலாளியைச் சேரும். வெளியாள் எழுதியது அவ்வாறு சேராது. அவர் எழுத்து மூலம் கையொப்பமிட்டு மாற்றித் தரவேண்டும். பணம் பெற்றதற்கான பற்றுச்சீட்டு அதற்கு ஈடாகாது.

சிங்கப்பூரில் ஒரு சங்கம் இவ்வெழுத்தைப் பெறாமல் விட்டது என்று வைத்துக்கொள்வோம். தளத்தை அது நடத்தி வரலாம்; அதற்கான இசைவு, பணம் பெற்றதிலேயே அடங்கியதாகக் கொள்ளப்படும். ஆனால் அதே நிரலைத் தோழமைச் சங்கத்துக்குக் கொடுக்கவோ விற்கவோ முற்பட்டால், எழுதியவர் தடுக்கலாம். அவரோ அதையே வேறொருவர்க்கு விற்கலாம். சங்கம் தடுக்க முடியாது.

மலேசியாவிலும் யாவும் வந்து சேர்ந்துவிடுவதில்லை. அமைப்பாளர் முன்னரே எழுதி வைத்திருந்து இத்தளத்தில் பொருத்திய பகுதிகள், இச்சங்கம் செய்வித்தவை அல்ல. வேர்ட்பிரஸ் போன்று பொது உரிமத்தில் கிடைப்பவையும் அவற்றை எழுதியோர்க்கே உரியன. அவ்வுரிமத்தின் விதிப்படி எவரும் எடுத்தாளலாம்.

தளத்தின் முகவரிப் பெயரோ பதிப்புரிமையில் அடங்காத தனிப்பொருள். அது எவர் பெயரில் பதிவாகியுள்ளதோ, ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பிப்பவர் எவரோ, அவர் கையில் இருக்கிறது. அமைப்பாளர் தம் பெயரிலேயே அதைப் பதிந்துகொண்டு, பின்னர் தொடர்பற்றுப் போனால், நிரல் முழுதும் சங்கத்தின் கையில் இருந்தும் பழைய முகவரியில் தளத்தைத் திறக்க இயலாது.