டயாலிசிஸ்: மெஷினோடு நான்கு மணி நேரம்... மீதி நேரமெல்லாம் தாகம்!

டயாலிசிஸ் வார்டுக்கு வரும் நோயாளி, படுக்கைக்குப் போகும் முன் எடை மெஷினில் ஏற வேண்டும். போன முறை சிகிச்சை முடிந்தபோது இருந்த எடையைவிட இன்று எத்தனை கிலோ கூடியிருக்கிறதோ, பெரும்பாலும் அது உடலில் தேங்கிய நீர். இரண்டு கிலோ என்றால் நர்ஸ் பேசாமல் குறித்துக்கொள்வார். நான்கு கிலோ என்றால், ''என்னண்ணே, கல்யாண வீட்டுக்குப் போனீங்களா?'' என்பார்.

சிறுநீரகங்கள் முற்றிலும் செயலிழந்தவர்களுக்குப் பொதுவாக வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் இந்தச் சிகிச்சை நடக்கிறது.

கையில் ஓர் உயிர்நாடி

பலருக்கும் இதற்காகவே கையில் 'ஃபிஸ்டுலா' என்ற சிறிய அறுவை சிகிச்சை செய்து, தமனியையும் சிரையையும் இணைத்திருப்பார்கள். அதில் இரண்டு ஊசிகள். ஒன்று வழியே ரத்தம் மெஷினுக்குப் போகும். மற்றொன்று வழியே சுத்தமாகித் திரும்பும். இதற்கு ஒரே அமர்வில் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் தேவை.

அந்தக் கையில் பி.பி பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, கனமான பை தூக்கக் கூடாது. தொட்டால் 'விர்ர்' என்று ஓர் அதிர்வு தெரியும். தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. அதிர்வு நின்றால், உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

கடைசி ஒரு மணி நேரம்

முதல் இரண்டு மணி நேரம் தூக்கம், செல்போன், பக்கத்துப் படுக்கைக்காரருடன் பேச்சு என்று ஓடிவிடும். பிறகுதான் சோதனை. அதிக நீரை வேகமாக எடுக்கும்போது கெண்டைக்கால் சுண்டி இழுக்கும், பி.பி இறங்கித் தலை சுற்றும். இதைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உடனே நர்ஸிடம் சொன்னால், நீர் எடுக்கும் வேகத்தைக் குறைப்பார்கள். வீடு திரும்பியதும் அசதி அடித்துப்போடும். அன்று அவரைத் தூங்க விடுவதே பெரிய உதவி.

குழம்பும் ரசமும் கணக்கில் உண்டு

பலருக்கு ஊசியைவிடக் கொடுமை தாகம். மருத்துவர் சொன்ன அளவுக்குள் தண்ணீர் மட்டுமல்ல. காபி, மோர், கஞ்சி, ரசம் எல்லாமே அடக்கம். ஒரு நாளுக்கான அளவைக் காலையிலேயே பாட்டிலில் ஊற்றி வைத்து, சின்ன டம்ளரில் குடித்தால் கணக்குத் தப்பாது. ஊறுகாய், அப்பளம், கருவாட்டை ஒதுக்கி உப்பைக் குறைத்தால் தாகமும் குறையும்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வழக்கம்போல இளநீரும் வாழைப்பழமும் வாங்கிப் போகாதீர்கள். அவற்றிலுள்ள பொட்டாசியத்தை வெளியேற்ற இவர்களின் சிறுநீரகத்தால் முடியாது. அது ரத்தத்தில் ஏறினால் இதயத்துடிப்பையே நிறுத்திவிடும். இதே காரணத்தால்தான், ''இன்னிக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு'' என்று ஒரு டயாலிசிஸைத் தவறவிடுவதும் ஆபத்து.

செலவுக்கு வழி

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் அடங்கும். வயிற்றின் வழியே வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கான திரவப் பைகள், 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வருகின்றன. யாருக்கு எது பொருந்தும் என்பதைச் சிறுநீரக மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

''இன்னும் எத்தனை நாளைக்கு இந்த டயாலிசிஸ்?'' - உறவினர்கள் அக்கறையோடு கேட்கும் கேள்விதான் இது. ஆனால், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பில், மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை டயாலிசிஸ் தொடரத்தான் வேண்டும். அந்தப் பதிலை ஒவ்வொரு முறையும் அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டாம். அதற்குப் பதிலாக, ''அடுத்த தடவை நான் கூட வரட்டுமா?'' என்று கேளுங்கள். வாரம் தவறாமல் துணைக்குப் போகும் மனைவிக்கோ மகனுக்கோ ஒரு நாள் ஓய்வும் கிடைக்கும்.