ஒரே கணக்கு, இரண்டு முடிவு

ராஜாவுக்கு ஜோசியம் சொன்ன இருவரின் கதையை நேயர்கள் கேட்டிருப்பார்கள். "உம்முடைய சுற்றத்தார் எல்லாரும் உமது கண்ணெதிரே மாண்டு போவார்கள்" என்றவருக்குச் சிறைவாசம். "சுற்றத்தார் எல்லாரையும்விட மஹாராஜாவுக்கே தீர்க்காயுசு" என்றவருக்குப் பொற்கிழி. ராஜா அசடு என்று சிரித்து விடுகிறோம். ஆனால் தேர்ந்த வைத்தியர்களும் ஏறக்குறைய அந்த ராஜாவைப் போலத்தான் என்பதை அமெரிக்காவில் ருசுப்படுத்தியிருக்கிறார்கள்.

1982-ஆம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சி அது. சுவாசப்பையில் புற்றுநோய் கண்டவருக்கு ரண சிகிச்சையா, கதிர் சிகிச்சையா என்பது கேள்வி. ரண சிகிச்சையில் நெடுநாள் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். உடனடி அபாயமும் அதில்தான் அதிகம். வைத்தியர்களில் ஒரு சாராரிடம், முதல் மாதம் கழிந்து 100-க்கு 90 பேர் உயிரோடிருப்பதாகச் சொன்னார்கள். 100-க்கு 84 வைத்தியர்கள் ரண சிகிச்சையே மேல் என்றார்கள். மற்றொரு சாராரிடம், முதல் மாதத்தில் 100-க்கு 10 பேர் இறப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேர் கதிர் சிகிச்சைப் பக்கம் சாய்ந்து விட்டார்கள்! நூறில் பத்துப் போனால் தொண்ணூறு என்பது அவர்களுக்குத் தெரியாததா? வைத்தியர் பாடே இப்படியென்றால், காகிதத்தில் கையெழுத்துப் போடும் நோயாளியின் பாடு என்ன? பிழைப்பவர் தொகை, இறப்பவர் தொகை இரண்டையும் சேர்த்தே அவருக்குச் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அந்த ஆராய்ச்சியில் பங்கு கொண்டவர்களில் ஒருவர் ஏமஸ் ட்வெர்ஸ்கி. அவரும் டானியல் கானெமனும் சேர்ந்து, லாபமாகச் சொன்னால் மனிதர் கையிலுள்ளதைப் பற்றிக் கொள்வர், நஷ்டமாகச் சொன்னால் சூதாடத் துணிவர் என்று முன்பே காட்டியிருந்தார்கள். கானெமனுக்கு 2002-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ட்வெர்ஸ்கி 1996-லேயே காலமாகி விட்டார்.

இதைவிட விநோதமானது, 2004-இல் வெளியான மற்றொரு சோதனை. ஸ்டான்போர்டு சர்வகலாசாலை மாணவர்களை இருவர் இருவராக ஒரு பண விளையாட்டு ஆடச் செய்தார்கள். இருவரும் ஒத்துழைத்தால் இருவருக்கும் நல்ல லாபம். ஒருவர் ஒத்துழைக்க மற்றவர் ஏமாற்றினால், ஏமாற்றினவருக்குக் கொள்ளை லாபம், நம்பினவருக்கு நஷ்டம். இருவருமே ஏமாற்றினால் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

சிலரிடம் இதற்கு "வால் ஸ்ட்ரீட் ஆட்டம்" என்று பெயர் சொன்னார்கள். நியூயார்க்கில் பங்கு வியாபாரம் நடக்கும் தெரு அது. மற்றவர்களிடம் "சமூக ஆட்டம்" என்றார்கள். விதிகளும் தொகைகளும் ஒன்றேதான். வால் ஸ்ட்ரீட் என்று கேட்டவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் ஒத்துழைத்தார்கள். சமூகம் என்று கேட்டவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர். பெயரைக் கேட்டதுமே எதிராளி என்ன செய்வான் என்ற எண்ணமும் மாறி விடுகிறது அல்லவா? ஏமாற்றுவான் என்று தோன்றினால் நாம் முந்திக் கொள்கிறோம்.

இவர்களை யாரும் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கவில்லை. விடுதியில் கூடவே வசித்த மூத்த மாணவர்களைக் கேட்டு, நிச்சயம் ஒத்துழைப்பவர், நிச்சயம் ஏமாற்றுபவர் என்று குறிப்பிடப்பட்டவர்களையே அழைத்திருந்தார்கள். ஆட்டத்தில் இரு வகையாருக்கும் வித்தியாசமே தென்படவில்லை.

இஸ்ரேலில் விமானிகளிடமும் இதைப் பரீட்சித்தார்கள். அங்கே குணத்தை மதிப்பிட்டுச் சொன்னவர்கள், அவர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்கள். அவர்களுடைய ஊகமும் பலிக்கவில்லை. அங்கும் ஆட்டத்தின் பெயர்தான் பலித்தது.