களாவுக்குத் தேவை வீட்டுத் தோட்டக்காரர்

கேக்கின் உச்சியில் செர்ரி என்று வைத்துத் தரும் சிவப்புப் பழம், நம் ஊர் பேக்கரிகளில் பல சமயம் செர்ரியே அல்ல. விதை நீக்கிச் சாயமேற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய் அது. வெள்ளைக்காரர்கள் இதற்கு வங்காள கரண்ட் என்று பெயர் வைத்தார்கள். ஐரோப்பியத் தோட்டங்களில் கருப்பும் சிவப்புமாகக் காய்க்கும் உண்மையான கரண்ட் வேறு இனம். பல நூறு மணி நேரம் கடுங்குளிரில் உறங்கி எழுந்தால்தான் அது ஒழுங்காகப் பூக்கும். ஆகவே தூத்துக்குடியில் அதை வளர்க்க ஆசைப்படுவது வீண். களாவோ வறட்சியைத் தாங்கும், ஓரளவு உவர் மண்ணையும் பொறுத்துக்கொள்ளும். ஆண்டு மழையில் பெரும்பங்கை ஐப்பசி, கார்த்திகையிலேயே பெற்றுவிடும் இந்தக் கடலோரத்துக்கு ஏற்ற செடி. இதில் நல்ல ரகங்களைத் தேடிப் பிடித்துப் பெருக்கும் வேலைக்கு வீட்டுத் தோட்டக்காரரைவிடப் பொருத்தமானவர் இல்லை என்பது என் கருத்து.

விதையிலிருந்து வளரும் களாச் செடிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஒன்றில் காய் வெண்மையில் இளஞ்சிவப்பு படர்ந்திருக்கும். இன்னொன்றில் பச்சையில் பழுப்போடும். வேறொன்று பழுத்ததும் கருநாவல் நிறம் கொள்ளும். பருமன், புளிப்பு, பால், முள்ளின் நீளம் எல்லாமே செடிக்குச் செடி மாறும். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் தந்த பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா ஆகியவையும், மகாராஷ்டிரத்தின் தபோலியில் தேர்ந்தெடுத்த கொங்கன் போல்டும் இந்த வேறுபாட்டிலிருந்து பொறுக்கியெடுக்கப்பட்டவையே. அப்படியானால் நம் வேலிகளிலும் இனிப்பான செடி ஒன்று நிற்கக்கூடும். அது ஏன் நம் கண்ணில் படவில்லை? ஊறுகாய்க்காக நாம் களாவைக் காயாகவே பறித்துவிடுகிறோம். பழுக்க விடாத செடியில் எது இனிக்கும் என்று யாருக்குத் தெரியும்? சந்தைக்குப் பறிப்பவரால் காத்திருக்க முடியாது. வீட்டுக்காரரால் ஒரு கிளையைப் பழுக்க விட்டுச் சுவைத்துப் பார்க்க முடியும்.

களாவில் எனக்கு மிகவும் பிடித்த விந்தை அதன் விதை. நெல்லையும் கம்பையும்போல உலர்த்தி டப்பாவில் போட்டு அடுத்த ஆண்டுக்கு வைக்க முடியாது. பழத்திலிருந்து எடுத்த சிறு தட்டை விதை விரைவிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும்; எடுத்தவுடன் கழுவி விதைத்தாக வேண்டும். இதன் பொருள் பெரிது. களாவின் வகைகளை விதைப் பொட்டலமாகக் காப்பது கடினம்; உயிரோடு நிற்கும் செடிதான் அவற்றின் களஞ்சியம். வேலியை வெட்டிக் காம்பவுண்டுச் சுவர் கட்டும்போதும், சீமைக்கருவேலம் படர்ந்து களாவின் இடத்தைப் பிடிக்கும்போதும் அழிவது முட்செடி மட்டுமல்ல, வேறெங்கும் பிரதி இல்லாத ஒரு ரகமும்தான். இந்த இழப்பை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பது வருத்தம் தருகிறது.

தேர்ந்தெடுத்ததோடு நிற்க வேண்டியதில்லை, இரண்டு செடிகளைக் கலக்கவும் செய்யலாம். களாப் பூவில் மகரந்தப் பைகள் இதழ்க்குழாயின் உட்புறத்திலேயே ஒட்டியிருக்கின்றன. விரிவதற்கு முந்தைய மாலை மொட்டின் இதழ்க்குழாயைப் பக்குவமாக இழுத்தால் அவையும் கூடவே வந்துவிடும். சூல்முடி தனித்து நிற்கும். வேறு செடியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் அதன் மேல் தடவி, துணிப்பையால் மூடி, நூல் கட்டி அடையாளம் வைத்தால் போதும். பிறக்கும் நாற்றுகளில் பெரும்பாலானவை சாதாரணமாகவே இருக்கும், ஒன்றிரண்டு தேறலாம். அந்த ஒன்றை விண்பதியன் போட்டால் தாயின் குணம் மாறாமல் பெருக்கலாம்.

இதெல்லாம் ஆராய்ச்சி நிலையத்தின் வேலை அல்லவா என்பார்கள். கரண்டின் உடன்பிறப்பான கூஸ்பெரியில் இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாளர்களும் தொழிலாளர்களும் வீட்டுக் கொல்லையில் போட்டி போட்டு வளர்த்தே பழத்தைப் பெருக்கினார்கள். காட்டுப் பழம் எட்டு கிராம் அளவில் இருக்க, 1852-இல் லண்டன் என்ற ரகத்தின் ஒரு பழம் சுமார் 58 கிராம் எடை வந்ததை டார்வின் பதிவு செய்திருக்கிறார். ஒரு வீட்டில் எத்தனை செடி வைக்க முடியும் என்பது அடுத்த கேள்வி, நியாயமானதும்கூட. ஆனால் களா வேலிச் செடி. விதை நாற்றால் போட்ட இருபது செடி வேலி, இருபது வகைகளின் சோதனை வயல். பக்கத்து வீடும் சேர்ந்தால் நாற்பது. முள்ளைச் சொல்வார்கள். முள் குறைந்த செடியைத் தேடுவதும் தேர்வின் ஒரு பகுதிதான். வேறுபாடு மண்ணால் வந்ததாக இருக்கலாமே என்ற ஐயம் இவற்றைவிட வலுவானது. அதற்கு ஒரே வழி, பதியன் செடிகளை ஒரே மண்ணில் அருகருகே வைத்து இரண்டு மூன்று காய்ப்புப் பார்ப்பது. விதைச் செடி காய்க்கவே மூன்று ஆண்டு அளவில் ஆகும் என்பதால் அவசரக்காரருக்கு இது ஆகாது.

இயற்கை தருவதை அள்ளிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று இந்தக் கடலோரத்துக்கு நன்றாகத் தெரியும். மன்னார் வளைகுடாவின் தூத்துக்குடிப் பகுதியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். இதே ஊரில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள், 1981-இல் சிப்பிக் குஞ்சுகளையே பொரிப்பகத்தில் உருவாக்கினார்கள். பறிப்பதிலிருந்து வளர்ப்புக்கு மாறும் அந்த அடியைக் களாவில் நாம் இன்னும் எடுத்து வைக்கவில்லை. அதற்குக் கடலில் மூழ்க வேண்டியதுமில்லை.

ஆடி, ஆவணியில் உங்கள் தெருவிலோ தேரிக்காட்டுப் பக்கமோ களாச் செடியைக் கண்டால், எல்லாக் காயையும் பறித்துவிடாமல் ஒரு கொத்தைக் கறுக்க விடுங்கள். சுவை பிடித்திருந்தால் செடிக்கு ஓர் அடையாளம் கட்டி, விதையை அன்றே மணலும் தொழு உரமும் கலந்த தொட்டியில் போடுங்கள். அடுத்த ஆண்டு ஐப்பசி மழை தொடங்கும்போது நாற்று நடவுக்குத் தயாராகியிருக்கும்.