விரல் விறைத்தால் ஆட்டமும் விறைக்கும்

குளிர் நாட்டில் கோல்ஃப் ஆடப் போகிறவர்கள் கையுறை வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ கோல்ஃப் ஆடுகிறவர்களுக்குக் கையுறை என்றதும் நினைவுக்கு வருவது வியர்வைதான். ஒன்பது குழிகளை முடிப்பதற்குள் உள்ளங்கை நனைந்துவிடும். அதனால் பையில் இன்னொரு கையுறையைத் தயாராக வைத்திருப்போம். ஒன்று காயும்வரை மற்றொன்று.

அதே ஆட்டக்காரர் ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மெல்பர்னுக்குப் போகிறார். அங்கே அப்போது குளிர்காலம். அதிகாலையில் வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே இருக்கும். ஆண்டிறுதி விடுமுறையில் ஜப்பானுக்கோ ஸ்காட்லாந்துக்கோ போனால் இன்னும் குளிர். விமானச் சீட்டு, தங்கும் விடுதி, திடல் கட்டணம் என்று எல்லாவற்றுக்கும் பணம் கட்டியாயிற்று. ஆனால் மூன்றாவது குழியிலேயே விரல்கள் மரத்துப்போனால், மீதமுள்ள பதினைந்து குழிகளும் தண்டனைதான்.

இதைத் தவிர்க்கப் பலரும் செய்வது, கிடைப்பதிலேயே கனமான கையுறையை வாங்குவது. பனியில் நடப்பதற்கு அது சரி. மட்டை பிடிப்பதற்கு அது சரிப்படாது.

குளிரில் கைக்கு என்ன ஆகிறது?

உடல் குளிரும்போது, இதயம், நுரையீரல் போன்ற முக்கிய உறுப்புகளின் சூட்டைக் காப்பாற்றுவதற்கே அது முதலிடம் கொடுக்கும். கை கால் விரல்களில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும். விரல் நுனிக்குப் போகும் ரத்தம் குறையும். தொடு உணர்வு மங்கும். மட்டையை எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறோம் என்பதே தெரியாமல் போகும்.

உணர்வு குறைந்ததும் நாம் தானாகவே பிடியை இறுக்குவோம். பிடி இறுகினால் மணிக்கட்டு இறுகும், முன்கை இறுகும், தோளும் இறுகும். வீச்சின் வேகம் குறைந்து பந்து வலது பக்கமோ இடது பக்கமோ ஓடும். போதாக்குறைக்குக் குளிர்ந்த காற்று அடர்த்தியானது, குளிர்ந்த பந்தும் துள்ளல் குறைந்தது. வழக்கமான தூரம் எப்படியும் கிடைக்காது.

விரல்களை மடக்கி நீட்டும் தசைகளில் பெரும்பாலானவை விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீளமான தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்குப் போகின்றன. அதனால் மணிக்கட்டையும் முன்கையையும் குளிரில் விட்டுவிட்டுக் கைக்கு மட்டும் விலை உயர்ந்த உறை போட்டால் பாதிப் பயன்தான். சட்டையின் கை நீளமாக இருக்க வேண்டும். கையுறையின் விளிம்பு மணிக்கட்டைத் தாண்டி, சட்டைக்கு அடியில் நுழைய வேண்டும்.

கனமான கையுறை ஏன் உதவாது?

கையுறை தடிமனானால் மட்டையின் பிடியும் தடிமனானது போலத்தான். விரல்கள் சுற்றி வளைக்க வேண்டிய அளவு கூடும், மட்டை கைக்குள் நன்றாக அமராது. இதற்கும் இறுக்கிப் பிடிப்பதைத் தவிர வழியில்லை. எந்தச் சிக்கலைத் தீர்க்க வாங்கினோமோ, அதே சிக்கலில் போய் முடியும்.

பதினெட்டுக் குழி ஆட்டம் நான்கு மணி நேரத்துக்கு மேல் நீளும். அதில் மட்டையை வீசும் நேரத்தை மட்டும் கூட்டினால் சில நிமிடங்கள்தான் வரும். மீதி நேரம் முழுக்க நடக்கிறோம், நிற்கிறோம், காத்திருக்கிறோம். கை குளிர்வது அப்போதுதான். ஆகவே, அடிக்கும் நேரத்துக்கு மெல்லிய கையுறை, நடக்கும் நேரத்துக்கு அதன் மேல் கனமான உறை என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வதே சரியான வழி.

கடையில் என்னென்ன கிடைக்கும்?

தோல் கையுறை: நாம் இங்கே வழக்கமாக அணிவது. நல்ல ரகங்கள் ‘கப்ரெட்டா’ என்ற மெல்லிய ஆட்டுத்தோலில் வரும். உணர்வுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் குளிரைத் தாங்காது, நனைந்தால் வழுக்கும், காய்ந்ததும் விறைக்கும். வெயில் அடிக்கும் 15 டிகிரி பிற்பகலுக்குப் போதும், அதற்குக் கீழே தனியாகப் போதாது.

மழைக் கையுறை: உள்ளங்கைப் பகுதி மெல்லிய செயற்கை மெல்தோல் போன்ற துணியில் இருக்கும். ஈரமானால் இதன் பிடிப்பு இன்னும் கூடும் என்பதுதான் சிறப்பு. ஸ்காட்லாந்து போன்ற இடங்களில் குளிரும் தூறலும் சேர்ந்தே வரும், அங்கே இது அவசியம். ஃபுட்ஜாய் நிறுவனத்தின் ‘ரெயின்கிரிப்’ இந்த வகை. இதற்குப் பிடிப்பு உண்டு, கதகதப்பு குறைவு.

குளிர்காலக் கையுறை: உள்ளங்கையில் மெல்லிய பிடிப்புத் துணி, கையின் மேல்பக்கத்தில் காற்றைத் தடுக்கும் கம்பளி போன்ற துணி. மணிக்கட்டில் நீளமான பின்னல் பட்டை இருக்கும். இரண்டு கைகளுக்குமாகச் சோடியாகவே விற்கிறார்கள். ஃபுட்ஜாயின் ‘விண்டர்சாஃப்’ இப்படி வருவதுதான். வாங்கும்போது உள்ளங்கையைத் தடவிப் பாருங்கள். அங்கேயும் பஞ்சு போலத் தடித்திருந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

மேலுறை: ‘மிட்’ என்பார்கள். விரல் விரலாகப் பிரியாத, பை போன்ற பெரிய உறை. நான்கு விரல்களும் ஒரே அறையில் இருப்பதால் ஒன்றின் சூடு மற்றொன்றுக்குப் போகும். அடிப்பதற்கு முன் கழற்றி, அடித்ததும் மாட்டிக்கொள்ளலாம். கோல்ஃப் பையில் தொங்கவிட வசதியாகக் கொக்கி வைத்தவையும் உண்டு. குளிர்காலத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். உங்களிடம் இருக்கும் பழைய தோல் கையுறைக்கும் இது உயிர் கொடுக்கும்.

“அண்ணே, ரெண்டு கைக்கும் போட்டா சிரிக்க மாட்டாங்களா?”

வானொலியில் விடுமுறைப் பயணம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி அழைத்துக் கேட்ட கேள்வி இது. வலக்கை ஆட்டக்காரர் இடக்கையில் மட்டும் உறை போடுவது பழக்கம், அவ்வளவுதான். இரு கைகளிலும் போட விதிகளில் எந்தத் தடையும் இல்லை.

அமெரிக்காவின் டாமி கெய்னிக்கு ‘இரண்டு கையுறை’ என்பதே பட்டப்பெயர். பேஸ்பால் ஆடிய பழக்கத்தில் இரு கைகளிலும் உறை அணிந்தே ஆடுகிறவர். 2012இல் மெக்கிளாட்ரி கிளாசிக் போட்டியின் கடைசி நாளில் 60 அடிகளில் சுற்றை முடித்து வெற்றி பெற்றார். இன்னொரு பக்கம் பிரெட் கப்பிள்ஸ் கையுறையே அணியாதவர். அவர் 1992இல் மாஸ்டர்ஸ் கிண்ணத்தை வென்றார். கைக்கு எது ஒத்துவருகிறதோ அதுவே சரி. குளிரில் இரண்டு கைகளுக்கும் ரத்த ஓட்டம் ஒன்றுபோலத்தான் குறைகிறது, ஒன்றை மட்டும் ஏன் பட்டினி போட வேண்டும்?

பட்டிங் செய்யும்போது மட்டும் வலக்கை உறையைக் கழற்றப் பலரும் விரும்புவார்கள். பந்து மெல்ல உருளும் அந்த அடிக்கு விரல் நுனியின் உணர்வு தேவை. கழற்றிய உறையைச் சட்டைப் பைக்குள் வையுங்கள், ஈரப் புல்மேல் போடாதீர்கள்.

அளவில் கவனம்

வெயில் ஊரில் கையுறை தோலோடு தோலாக ஒட்டியிருக்க வேண்டும் என்று வாங்குவோம். குளிர்காலக் கையுறை அந்த அளவுக்கு இறுகக் கூடாது. இறுகினால் ஏற்கெனவே குறைந்த ரத்த ஓட்டம் இன்னும் குறையும். துணிக்கும் தோலுக்கும் இடையில் தங்கும் மெல்லிய காற்றுப் படலம்தான் கதகதப்பைக் காக்கிறது, அதற்கும் இடம் வேண்டும். அதே சமயம் விரல் நுனியில் துணி மடிந்து தொங்கக் கூடாது.

ஜப்பானில் வாங்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே கையுறைகளின் அளவு பெரும்பாலும் சென்டிமீட்டரில் இருக்கும். 23, 24, 25 என்ற எண்கள் உள்ளங்கையின் சுற்றளவைக் குறிப்பவை. புறப்படும் முன் வீட்டிலேயே, கட்டைவிரலைத் தவிர்த்து, விரல்கள் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே அளவுநாடாவைச் சுற்றி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விரல் குட்டையாகவும் உள்ளங்கை அகலமாகவும் இருந்தால், மேற்கத்திய நிறுவனங்களில் ‘கேடட்’ என்று தனி அளவு இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

கடையிலேயே செய்து பார்க்க மூன்று சோதனைகள்:

1. கையுறையோடு மேசைமேல் கிடக்கும் ஒரு நாணயத்தையோ, பந்து வைக்கும் டீயையோ எடுத்துப் பாருங்கள். எடுக்க முடிந்தால் விரல் உணர்வுக்குக் குறைவில்லை.

2. ஏதாவது ஒரு மட்டையைப் பிடித்து மெதுவாக வீசிப் பாருங்கள். உள்ளங்கைக்குள் துணி சுருண்டால் வேண்டாம்.

3. கையை மேலே தூக்குங்கள். மணிக்கட்டில் தோல் தெரிந்தால், அந்த இடைவெளி வழியாகத்தான் காற்று நுழையும்.

சூட்டுப் பொட்டலம்: நன்மையும் ஆபத்தும்

ஜப்பானில் மருந்துக்கடை, பலசரக்குக் கடை எங்கும் ‘கைரோ’ என்ற சிறிய பொட்டலங்கள் கிடைக்கும். உள்ளே இருப்பது இரும்புத் தூள், உப்பு, கரி, கொஞ்சம் ஈரம். உறையைப் பிரித்ததும் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு இரும்பு சேர்ந்து வேகமாகத் துருப்பிடிக்கிறது. அந்த வேதிவினையில் வரும் சூடுதான் அது. மேலுறைக்குள் ஒன்றைப் போட்டுவைத்தால் சில மணி நேரம் கதகதப்பாக இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது ஆட்ட விதி. கையைச் சூடாக்கலாம், பந்தைச் சூடாக்கக் கூடாது. வேண்டுமென்றே சூடாக்கிய பந்தை அடித்தால், விதி 4.2இன்படி போட்டியிலிருந்தே நீக்கப்படுவீர்கள். பொட்டலம் இருக்கும் பைக்குள் பந்தைப் போடாமல் இருப்பது நல்ல பழக்கம்.

இரண்டாவது எச்சரிக்கை அதைவிட முக்கியம். நம் குடும்பங்களில் நீரிழிவு இல்லாத வீடு அரிது. நீண்டகால நீரிழிவால் விரல் நரம்புகளின் உணர்வு மங்கியவர்களுக்குச் சூடு தெரியாமலேயே தோல் வெந்துபோகலாம். மிதமான சூடுகூட, ஒரே இடத்தில் நெடுநேரம் பட்டால் புண்ணாக்கும். அப்பாவையோ மாமாவையோ அழைத்துப் போகிறவர்கள், பொட்டலம் நேரடியாகத் தோலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி கையைக் கழற்றிப் பாருங்கள். குளிர் பட்டதும் விரல்கள் வெள்ளையாகவோ நீலமாகவோ மாறி வலிப்பவர்கள், பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசுவது நல்லது.

எந்த ஊருக்கு எது?

கேமரன் மலை: காலையில் சில்லென்று இருக்கும், ஆனால் வழக்கமான கையுறையே போதும். காத்திருக்கும்போது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.

மெல்பர்ன், ஜூன் முதல் ஆகஸ்டு வரை: காலை ஆட்டத்துக்குக் குளிர்காலச் சோடி. பத்து மணிக்கு மேல் வெயில் வந்தால் தோல் கையுறைக்கு மாறிவிடலாம். இரண்டையும் பையில் வையுங்கள்.

ஜப்பான், டிசம்பர், ஜனவரி: ஹொக்கைடோவில் பனி மூடித் திடல்களை அடைத்துவிடுவார்கள். தோக்கியோ சுற்றுவட்டாரத்தில் ஆடலாம். வறண்ட குளிர் என்பதால் மழைக் கையுறையைவிடக் குளிர்காலச் சோடியும் மேலுறையும் உதவும். பக்கத்து நாடான கொரியாவில் குளிர் கடுமை. அங்குள்ள ஆட்டக்காரர்களே அந்த மாதங்களில் நம் பக்கம் வந்து ஆடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்து: கடற்கரைத் திடல்கள், தடுக்க மரமில்லாத காற்று, திடீர்த் தூறல். மழைக் கையுறை இரண்டு சோடி, ஒரு மேலுறை. டிசம்பரில் சுமார் ஏழு மணி நேரமே வெளிச்சம். புல்லில் உறைபனி இருந்தால் அது கரையும்வரை ஆட்டத்தைத் தள்ளிவைப்பார்கள். அந்தக் காத்திருப்பில் கையைக் குளிரவிட்டால் பிறகு மீட்பது கடினம். உள்ளே உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேநீரை இரண்டு கையாலும் பிடித்திருங்கள்.

ஊர் திரும்பிய பின்

குளிரில் உழைத்த கையுறைக்கு உண்மையான எதிரி நம் ஊரின் ஈரக்காற்று. பயணப் பையிலேயே விட்டுவிட்டால் அடுத்த விடுமுறைக்குள் பூஞ்சை பிடித்திருக்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில் முழுதாகக் காயவைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். சூடேற்றி மேலோ வெயிலிலோ காயவைத்தால் தோல் வெடிக்கும்.

அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: அடிக்க மெல்லியது, நடக்கக் கனமானது, மணிக்கட்டு மூடியிருக்கட்டும், மாற்றுக்கு ஒரு சோடி காய்ந்திருக்கட்டும். பந்து எங்கே போகும் என்பது உங்கள் வீச்சைப் பொறுத்தது. மட்டை கையைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது கையுறையின் வேலை.