புளிப்பு சாப்பிட்டதும் பிரஷ்ஷை எடுக்காதீங்க... முதல்ல வாய் கொப்பளிங்க!

காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சைச்சாறு, குடித்த கையோடு பல் துலக்கல். இது இன்று பல வீடுகளில் வழக்கம். உடம்புக்கும் பல்லுக்கும் ஒருசேர நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறோம். ஆனால், பல்லின் மேல்பூச்சான எனாமலுக்கு இந்த வரிசை ஆகவே ஆகாது. எலுமிச்சையில் உள்ள அமிலம் எனாமலை இளக்கி வைத்திருக்கும் நேரத்தில், பிரஷ் வந்து அதைத் தேய்த்து எடுத்துவிடுகிறது.

இடையில் ஒரு வாய் தண்ணீர் கொப்பளித்து, சிறிது நேரம் பொறுத்தாலே இந்தச் சேதம் குறையும். எதைக் கொண்டு கொப்பளிப்பது, எப்போது கொப்பளிப்பது, கடையில் வாங்கும் மவுத்வாஷ் இதற்கு உதவுமா? பார்ப்போம்.

எனாமல் ஏன் கரைகிறது?

நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் எனாமல்தான். அதன் எடையில் சுமார் 96 சதவிகிதம் தாது உப்புகள். முக்கியமாக கால்சியமும் பாஸ்பேட்டும். அதிகபட்சம் 2.5 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். எலும்பு முறிந்தால் கூடிவிடும், தோல் கிழிந்தால் ஆறிவிடும். எனாமலில் உயிரணுக்கள் இல்லாததால், தேய்ந்து போனது போனதுதான். மீண்டும் வளராது.

அமிலத்தன்மையை பி.ஹெச் என்ற அளவால் குறிப்பார்கள். எண் குறையக் குறைய அமிலம் அதிகம். ஓர் எண் குறைந்தால் 10 மடங்கு கூடும். வாயில் பி.ஹெச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலில் உள்ள தாதுக்கள் கரையத் தொடங்கும். கோலா பானங்களின் அளவு சுமார் 2.5. எலுமிச்சைச்சாறு 2 முதல் 3. வயிற்றில் சுரக்கும் அமிலம் 1 முதல் 2.

இது சொத்தைப் பல்லிலிருந்து வேறுபட்டது. சர்க்கரையைத் தின்னும் பாக்டீரியா வெளியிடும் அமிலத்தால் வருவது சொத்தை. இங்கே உணவிலும் வயிற்றிலும் இருக்கும் அமிலமே நேராகப் பல்லைத் தாக்குகிறது. அதனால், சர்க்கரை இல்லாத டயட் கோலா என்றாலும் எனாமல் தப்பாது. எடை குறைக்க ஆப்பிள் சிடர் வினிகர் குடிப்பவர்களுக்கும் இதே கதைதான்.

முதல் மருந்து, பச்சைத் தண்ணீர்

சாப்பிட்டு எழுந்ததும் கை கழுவி, வாய் கொப்பளிப்பது நம் வீடுகளின் பழைய பழக்கம். ஹோட்டலில் டிஷ்யூ பேப்பரால் வாயைத் துடைத்துக்கொண்டு கிளம்பும்போது அது விட்டுப்போகிறது. புளிப்பான எதைச் சாப்பிட்டாலும், குடித்தாலும் உடனே சாதாரண தண்ணீரால் இரண்டு, மூன்று முறை நன்றாகக் கொப்பளித்துத் துப்புங்கள். பல்லில் படிந்த அமிலம் நீர்த்து வெளியேறிவிடும்.

மீதி வேலையை உமிழ்நீர் பார்த்துக்கொள்ளும். அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தைத் தணிக்கும். கால்சியமும் பாஸ்பேட்டும் இளகிய எனாமலை மெள்ள இறுகச் செய்யும். இதற்கு அவகாசம் வேண்டும் என்பதால்தான், அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்கச் சொல்கிறார்கள் பல் மருத்துவர்கள். எலுமிச்சை நீர் குடித்தே ஆக வேண்டும் என்பவர்கள், பல் துலக்கிவிட்டுப் பிறகு குடிக்கலாம். குடித்து முடித்ததும் ஒருமுறை கொப்பளித்துவிடுங்கள்.

மசக்கை, நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு...

மசக்கை வாந்தியால் அவதிப்படும் கர்ப்பிணிகள் வாய்க்கசப்பு போக உடனே பல் துலக்குவார்கள். குமட்டலுக்கு எலுமிச்சையையும் மாங்காயையும் வாயில் அடக்கிக்கொள்வார்கள். வயிற்று அமிலம், பழ அமிலம், பிரஷ் என மூன்றும் சேர்ந்து பல்லைப் பதம் பார்க்கும்.

இவர்களுக்குக் கைகொடுப்பது அடுக்களையில் இருக்கும் சமையல் சோடா. ஒரு டம்ளர் (சுமார் 250 மி.லி.) தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கரைத்து, வாந்தி எடுத்ததும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். சோடா காரத்தன்மை கொண்டது. அமிலத்தை உடனே தணிக்கும். இதில் சோடியம் அதிகம் என்பதால் விழுங்கக் கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது முக்கியம். கேக் செய்யப் பயன்படும் பேக்கிங் பவுடர் வேண்டாம். அதில் அமிலப்பொருளும் கலந்திருக்கும்.

இரவில் எதுக்களித்து, தொண்டை வரை புளித்து வருபவர்களும் கவனமாக இருக்க வேண்டும். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைவு என்பதால், அமிலத்தைத் தணிக்க ஆள் இல்லை. படுக்கை அருகே தண்ணீர் வைத்துக்கொண்டு, விழிப்பு வந்ததும் கொப்பளியுங்கள். எதுக்களிப்புக்கும் சிகிச்சை எடுங்கள். மேல் முன்பற்களின் உள்பக்கம் தேய்ந்திருப்பதைப் பார்த்தே, வயிற்றில் பிரச்னை இருப்பதைப் பல் மருத்துவர் ஊகித்துச் சொல்வதும் உண்டு.

எந்த மவுத்வாஷ்?

வாய் மணப்பதற்கான மவுத்வாஷ் எல்லாம் எனாமலைக் காக்காது. சில மவுத்வாஷ்களே லேசான அமிலத்தன்மை கொண்டவை. புளிப்பு சாப்பிட்டதும் அவற்றைப் பயன்படுத்துவதைவிடத் தண்ணீரே மேல்.

*ஃப்ளோரைடு மவுத்வாஷ்:* எனாமலுக்கு உதவுவது இதுதான். தினசரி உபயோகத்துக்கானதில் பொதுவாக 0.05 சதவிகிதம் சோடியம் ஃப்ளோரைடு இருக்கும். ஃப்ளோரைடு சேர்ந்த எனாமல் அமிலத்தைக் கூடுதலாகத் தாங்கும். ஸ்டானஸ் ஃப்ளோரைடு கலந்தவை பல்லின் மீது அமிலத்தைத் தடுக்கும் மெல்லிய படலத்தை உண்டாக்கும். ஆனால், பல்லில் லேசான கறை படியலாம்.

*குளோர்ஹெக்ஸிடின்:* ஈறு வீக்கத்துக்கும், பல் எடுத்த பிறகும் மருத்துவர் எழுதித் தருவது. கிருமிகளைக் கட்டுப்படுத்தும். எனாமல் தேய்மானத்துக்கான மருந்து அல்ல. நாள்கணக்கில் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

*உப்புத் தண்ணீர்:* ஈறு வலிக்கும் வாய்ப்புண்ணுக்கும் இதமளிக்கும். அமிலத்தைத் தணிக்கும் குணம் உப்புக்கு இல்லை.

பயன்படுத்தும் நேரமும் முக்கியம். பற்பசையில் பொதுவாக 1,000 பி.பி.எம் அல்லது அதற்கு மேல் ஃப்ளோரைடு இருக்கும். தினசரி மவுத்வாஷில் சுமார் 225 பி.பி.எம்தான். பல் துலக்கியதும் மவுத்வாஷ் போட்டால், பல்லில் படிந்த அதிக ஃப்ளோரைடை நாமே கழுவிவிடுகிறோம். எனவே, மதிய உணவுக்குப் பிறகு என வேறு நேரத்தில் பயன்படுத்துங்கள். கொப்பளித்துத் துப்பிய பிறகு அரை மணி நேரம் எதுவும் சாப்பிட, குடிக்க வேண்டாம். இரவில் பல் துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும். நிறைய தண்ணீர் விட்டு அலச வேண்டியதில்லை.

யாருக்கு வேண்டாம்?

விழுங்கிவிடும் அபாயம் இருப்பதால், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஃப்ளோரைடு மவுத்வாஷ் தரக் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகமுள்ள பகுதிகள் உண்டு. அங்கெல்லாம் போர்வெல் தண்ணீர் குடித்து வளரும் பிள்ளைகளுக்கு, பல் மருத்துவரைக் கேட்காமல் வாங்கித் தர வேண்டாம்.

இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்

* குளிர்ந்த, சூடான, இனிப்பான பொருள்கள் பட்டால் கூச்சம்.
* முன்பற்களின் நுனி மெலிந்து, கண்ணாடி போலத் தெரிவது.
* எனாமல் மெலிந்து, உள்ளிருக்கும் மஞ்சள் நிறம் வெளித்தெரிவது. இதைக் கறை என்று நினைத்து அழுத்தித் தேய்த்தால் இன்னும் மோசமாகும்.
* கடைவாய்ப் பற்களின் மேல் சிறு சிறு குழிகள்.

இவற்றில் ஏதேனும் தெரிந்தால் மவுத்வாஷை நம்பிக் காத்திருக்காமல் பல் மருத்துவரைப் பாருங்கள். இளகிய எனாமலை இறுக வைக்கத்தான் மவுத்வாஷ் உதவும். தேய்ந்து போனதைத் திரும்பக் கொண்டுவராது.

ஜூஸை மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்காமல், உணவோடு சேர்த்து ஒரே தடவையில் குடித்து முடிப்பது, ஸ்ட்ரா பயன்படுத்துவது, குடித்ததும் தண்ணீரால் கொப்பளிப்பது... இவை எதற்கும் செலவில்லை. பிள்ளைகளுக்கு நிரந்தரப் பற்கள் முளைக்கும் 6, 7 வயதிலேயே இதைப் பழக்கிவிடுங்கள். அந்தப் பற்கள்தான் ஆயுசுக்கும்!