கேட்பது பகையல்ல

முப்பத்தோராம் நாள் முடிந்து, வந்த உறவினர் திரும்பிய பின்புதான் அநேக வீடுகளில் அந்தப் பேச்சு எழுகிறது. "வேளைக்குக் கொண்டுபோயிருந்தால் தப்பியிருப்பாரோ?" "காய்ச்சல் நிற்கமுன்னரே ஏன் துண்டு வெட்டி அனுப்பினார்கள்?" இடம்பெயர்ந்த குடும்பங்களிடையே பணிபுரியும் நாம் இக்கேள்விகளைப் பல தடவை கேட்டிருக்கிறோம். ஆனால் ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டவர்கள் மிகச் சிலரே. "நாளைக்கும் அங்கேதானே போகவேண்டும்" என்ற பயம் ஒருபுறம். "கேட்டால் போனவர் வருவாரா" என்ற சலிப்பு மறுபுறம்.

கேட்கவேண்டிய இடத்தில் கேளாத கேள்வி வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. மனைவி தன்னையே நோகிறாள். மகன் தாயைக் குறைசொல்கிறான். காணியும் கால்நடையும் இழந்த குடும்பத்தில் ஒற்றுமையும் போய்விட்டால், எதைப் பிடித்து எழும்புவது?

கேட்குமுன் இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். சிகிச்சையில் குறை இருந்ததா என்பது ஒன்று. அக்குறைதான் உயிரைப் பறித்ததா என்பது மற்றது. மூளையில் கட்டி ஏற்பட்டு இறந்த ஒரு சிறுமியின் தந்தை தொடுத்த வழக்கில், 2001ஆம் ஆண்டு எமது நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வைத்தியரின் கவனக்குறைவை மன்று ஏற்றது. ஆயினும் அதுவே மரணத்துக்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி, நட்டஈட்டை மறுத்தது. சில நோய்கள் நல்ல சிகிச்சைக்கும் அடங்குவதில்லை. இதனை அறிவது வைத்தியருக்கு மட்டுமன்றி, "என்னால்தான் இறந்தார்" என்று அழும் தாய்க்கும் நீதி செய்வதாகும்.

செய்யக்கூடியவை சில உண்டு. கிளினிக் கொப்பி, நோய் நிர்ணய அட்டை, மருந்துத் துண்டுகள், இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை எறியாமல் ஒரே உறையில் வையுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்பதை நினைவு மங்குமுன் எழுதுங்கள். மரணத்தில் ஐயம் இருந்தால், உடலைப் பொறுப்பேற்குமுன்னரே மரண விசாரணையைக் கோருங்கள். அடக்கத்தின் பின் அது மிகக் கடினம். பின்னர் ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதி, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். அன்று அம்புலன்ஸ் வண்டி இருந்ததா, கடமையில் எத்தனை வைத்தியர் இருந்தனர் என்பன போன்ற விபரங்களை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அரச ஆஸ்பத்திரியிடம் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். நட்டஈட்டு வழக்குத் தொடர எண்ணுவோர் 2 வருடங்களுக்குள் தொடரவேண்டும். வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

பதில் கிடைத்தாலும் துயரம் ஒரே நாளில் ஆறாது. சில வேளை பதிலே கிடைக்காமலும் போகலாம். அதற்காக அடுப்பு எரியாமலும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமலும் இருக்க முடியாது. இங்கேதான் அயலவர் தேவை. கணவனை இழந்தவளைத் தனியே ஆஸ்பத்திரிக் கந்தோருக்கு அனுப்பாதீர்கள். எழுதத் தெரிந்த ஒருவர் கடிதத்தை எழுதட்டும். இன்னொருவர் கூடப் போகட்டும். மற்றொருவர் அன்று அவளுடைய மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் இறைக்கட்டும். ஒருவர் துணிந்து கேட்ட கேள்வி, நாளை அதே வாட்டில் படுக்கப்போகும் இன்னொருவரின் உயிரைக் காக்கவும் கூடும்.