வளர்ப்பு முயலின் நாட்பட்ட மூச்சுநோய்

வளர்ப்பு முயலின் நாட்பட்ட மூச்சுநோய் என்பது வீட்டில் வளர்க்கப்படும் முயல்களின் மூக்கு, முகக் காற்றறைகள், கண்ணீர்க் குழாய், நடுச்செவி, நுரையீரல் ஆகியவற்றில் ஏற்பட்டு, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நீடிக்கும் தொற்றைக் குறிக்கும். ஆங்கிலத்தில் இது ஸ்னஃபிள்ஸ் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் முயல் வளர்ப்போர் இதனைப் பொதுவாகச் 'சளி' என்றே சொல்வர். இப்பெயர் தவறான எண்ணத்தைத் தரக்கூடியது. மனிதருக்கு வரும் சளி பெரும்பாலும் தீநுண்மங்களால் உண்டாகி ஒரு வாரத்திற்குள் தானாக நீங்கிவிடுகிறது. முயலின் சளி பெரும்பாலும் பாக்டீரியாவால் உண்டாவது. தானாக நீங்குவது அரிது. மேலும், மனிதருக்கும் நாய்க்கும் இத்தகைய நிலையில் வழக்கமாகக் கொடுக்கப்படும் சில மருந்துகள் முயலைக் கொன்றுவிடக் கூடியவை.

மூச்சமைப்பு

முயல் ஏறக்குறைய முழுவதும் மூக்கு வழியாகவே மூச்சுவிடும் விலங்கு. அதன் குரல்வளை மூடி மெல்லண்ணத்திற்கு மேலே அமைந்திருப்பதால், காற்று மூக்கிலிருந்து நேராக மூச்சுக்குழலுக்குச் செல்கிறது. புல்லை மென்றுகொண்டிருக்கும்போதே எதிரியை மோப்பம் பிடிக்க இவ்வமைப்பு உதவுகிறது. ஆனால் மூக்கடைப்பு ஏற்பட்டால் இதுவே பெருங்கேடாக முடிகிறது. வாயைத் திறந்து மூச்சுவிடும் முயல் ஏற்கெனவே மூச்சுத்திணறலின் இறுதிக் கட்டத்தை நெருங்கிவிட்டது எனக் கொள்ளலாம். அவ்வேளையில் மறுநாள் வரை காத்திருத்தல் கூடாது.

உடலின் அளவோடு ஒப்பிடும்போது முயலின் மார்பறை மிகச் சிறியது; வயிறு பெரியது. எனவே நுரையீரலின் ஒரு பகுதி பழுதடைந்தாலும் அதனை ஈடுசெய்ய இடமில்லை. நலமான முயல் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்திற்கு 30 முதல் 60 முறை மூச்சுவிடும். முயல் வளர்ப்போர் அது படுத்திருக்கும்போது விலா அசைவை எண்ணிக் குறித்து வைப்பது பயனுள்ளது. நோய் வந்தபின் எண்ணினால் ஒப்பிடுவதற்கு எண் இருக்காது.

நோய்க்காரணிகள்

இந்நோயுடன் மிகுதியாகத் தொடர்புபடுத்தப்படும் பாக்டீரியா பாஸ்ச்சுரெல்லா மல்டோசிடா ஆகும். போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா, ஸ்டாபைலோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்றவையும் தனித்தோ சேர்ந்தோ காணப்படுகின்றன. போர்டெடெல்லா பல முயல்களின் மூக்கில் தீங்கின்றி வாழ்வது. ஆனால் சீமைப்பெருச்சாளிக்கு (கினி எலி) அது கடுமையான நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். இவ்விரண்டையும் ஒரே கூண்டில் வைத்து விற்கும் கடைகளின் பழக்கம் இக்காரணத்தாலேயே கண்டிக்கத்தக்கது.

பாஸ்ச்சுரெல்லாவின் பெயர் பிரான்சிய அறிவியலாளர் லூயி பாஸ்ச்சரின் நினைவாக இடப்பட்டது. இந்த பாக்டீரியாவுக்கும் முயலுக்கும் உள்ள தொடர்பில் ஒரு வரலாற்று நிகழ்வு குறிப்பிடத்தக்கது. ஆஸ்திரேலியாவில் முயல்கள் பெருகிப் பயிரை அழித்ததால், அவற்றை ஒழிக்க வழி கூறுவோர்க்கு 25,000 பவுண்டு பரிசு தருவதாக நியூ சவுத் வேல்ஸ் அரசு 1887 இல் அறிவித்தது. கோழிக் காலராவை உண்டாக்கும் பாஸ்ச்சுரெல்லாவைத் தீவனத்தில் கலந்து பரப்பலாம் எனப் பாஸ்ச்சர் முன்மொழிந்து, தம் உறவினரான அட்ரியன் லுவாரை 1888 இல் சிட்னிக்கு அனுப்பினார். அங்குள்ள ராட் தீவில் சோதனைகள் நடந்தன. நுண்ணுயிர் கலந்த தீவனத்தைத் தின்ற முயல்கள் இறந்தன. ஆனால் நோய் ஒரு முயலிலிருந்து மற்றொன்றுக்குப் போதிய அளவு பரவவில்லை. திட்டம் கைவிடப்பட்டது, பரிசும் எவருக்கும் வழங்கப்படவில்லை. இன்றைய வளர்ப்பு முயலின் மூக்கில் இருக்கும் பாஸ்ச்சுரெல்லா வகைகளோ இதற்கு நேர்மாறானவை: எளிதில் பரவுகின்றன, ஆனால் உடனே கொல்வதில்லை. தாயிடமிருந்து குட்டிக்குப் பிறந்த சில வாரங்களிலேயே தொற்றிவிடுகின்றன. பின்னர் அறிகுறியின்றி மூக்கில் தங்கியிருந்து, வெப்பம், பயணம், நெரிசல், உணவு மாற்றம் போன்றவற்றால் உடல் தளரும்போது நோயாக வெளிப்படுகின்றன. புதிதாக வாங்கிய முயல் வீட்டிற்கு வந்த இரண்டாம் வாரத்தில் தும்மத் தொடங்குவது இதனாலேயே.

அறிகுறிகள்

தொடக்கத்தில் தும்மலும் நீர்போன்ற மூக்கொழுக்கும் இருக்கும். பின்னர் ஒழுக்கு வெண்மையாகவோ மஞ்சளாகவோ தடிக்கும். முயல் தன் முன்னங்கால்களால் மூக்கைத் துடைத்துக்கொள்ளும் இயல்புடையது; ஆகவே மூக்கு தூய்மையாகத் தோன்றினாலும் முன்னங்கால்களின் உட்புற மயிர் ஒட்டிச் சடையாகியிருந்தால் அதுவே நம்பத்தக்க அடையாளமாகும். கண்ணில் நீர் வடிதல், குறட்டை போன்ற மூச்சொலி, உணவில் நாட்டமின்மை ஆகியன தொடரலாம். தொற்று நடுச்செவிக்கும் உட்செவிக்கும் பரவினால் தலை ஒருபக்கமாகச் சாயும். தலைச்சாய்வு என்செஃபாலிட்டோசூன் என்னும் ஒட்டுண்ணியாலும் வரக்கூடும் என்பதால், அதனை மட்டும் கொண்டு காரணத்தை முடிவு செய்ய இயலாது.

நோய் நீடிப்பதேன்

மருந்து கொடுக்கும்போது தும்மல் நின்று, நிறுத்தியதும் மீண்டும் தொடங்குவது இந்நோயின் இயல்பு. இதற்கு மருந்து பலனற்றது என்பது மட்டும் காரணமன்று. முயலின் சீழ் நீர்மமாக இராமல் பாலாடைக்கட்டி போன்று கெட்டியாக இருக்கும். குருதியில் செல்லும் மருந்து அதன் உள்ளே ஊடுருவுவதில்லை. மூக்கின் உள்ளேயுள்ள சுருள் எலும்புகளும் காற்றறைகளும் இத்தகைய சீழுக்கு ஒளிவிடமாகின்றன. நீண்ட நாள் தொற்றில் அவ்வெலும்புகளே அரிக்கப்பட்டுவிடும். அதன்பின் பாக்டீரியா குறைந்தாலும் மூக்கு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

மற்றொரு காரணம் பல். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. வெட்டுப்பல் வாரத்திற்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். நார்மிகுந்த புல்லை நாள் முழுதும் அரைப்பதாலேயே அவை தேய்ந்து சமநிலையில் நிற்கின்றன. பிஸ்கட், காரட், குச்சித் தீவனம் ஆகியவற்றையே தின்னும் முயலின் பல் போதிய அளவு தேய்வதில்லை. அப்போது மேற்பற்களின் வேர்கள் பின்னோக்கி நீண்டு, கண்ணீர்க் குழாயை அழுத்தி, மூக்கறையிலும் சீழ்க்கட்டியை உண்டாக்கும். இத்தகைய முயலுக்கு எத்தனை முறை நுண்ணுயிர் எதிர்ப்பி கொடுத்தாலும் நோய் திரும்பத் திரும்ப வரும். ஆதலால் மூக்கொழுக்குடன் வரும் முயலின் கடைவாய்ப் பற்களைப் பார்க்காத சோதனை அரைச்சோதனையே ஆகும்.

மருத்துவமும் மருந்துத் தீங்குகளும்

உரிய முறையில் செய்யப்படும் சோதனையில் காதுநோக்கி கொண்டு வாயும் செவியும் பார்க்கப்படும். தலைக்கும் மார்புக்கும் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கப்படும். மூக்கின் ஆழத்திலிருந்து ஒற்றுமாதிரி எடுத்து, பாக்டீரியாவை வளர்த்து, எம்மருந்துக்கு அது கட்டுப்படுகிறது எனக் கண்டறியப்படும். மூக்கு நுனியில் எடுத்த மாதிரி பெரும்பாலும் பயன்படாது. மருந்து தொடங்குமுன் மாதிரி எடுப்பதே சிறந்தது.

என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா, டாக்சிசைக்ளின் போன்றவை முயலுக்கு வாய்வழி கொடுக்கத்தக்கவையாகக் கருதப்படுகின்றன. காலம் நாட்களில் அன்றி வாரங்களில் கணக்கிடப்படும். சில முயல்களுக்கு மாதங்கள் ஆகும். மூக்குச் சளியை இளக்க உப்புநீர் ஆவித்தூவல் அளிக்கப்படுவதும் உண்டு.

வாய்வழியாகக் கொடுக்கப்படும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின், கிளிண்டமைசின், லின்கோமைசின் ஆகியவை முயலுக்கு உயிராபத்தானவை. முயல் தன் உணவின் பெரும்பகுதியைப் பெருங்குடல்வாய் எனப்படும் பையிலுள்ள நுண்ணுயிர்களின் துணைகொண்டே செரிக்கிறது. இம்மருந்துகள் அந்நுண்ணுயிர்களை அழிக்க, அவ்விடத்தில் கிளாஸ்டிரிடியம் இன பாக்டீரியா பெருகி நஞ்சை வெளியிடும். கழிச்சல் கண்டு சில நாட்களில் முயல் இறக்கக்கூடும். அமாக்சிசிலின் நம் வீடுகளின் மருந்துப்பெட்டியில் மிகச் சாதாரணமாகக் கிடைப்பது. சட்டப்படி மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாததாயினும் பல மருந்துக்கடைகளில் கேட்டவுடன் கிடைப்பது. 'குழந்தைக்குக் கொடுக்கும் மருந்துதானே, எடைக்குத் தக்கபடி குறைத்துக் கொடுக்கலாம்' என்ற கணக்கு இங்கே பொருந்தாது. தவறு அளவில் இல்லை, மருந்திலேயே உள்ளது. பெனிசிலினைத் தோலுக்கடியில் ஊசியாகச் செலுத்துவது வேறு. முயல் மருத்துவத்தில் பழகியோர் அதனைப் பயன்படுத்துகின்றனர்.

ஸ்டீராய்டு ஊசிகளும் எச்சரிக்கைக்குரியவை. அவை வீக்கத்தைத் தணித்து ஓரிரு நாள் நலம்போலக் காட்டும்; ஆனால் முயலின் நோயெதிர்ப்பை வெகுவாகக் குறைத்து உறங்கும் தொற்றை எழுப்பிவிடும். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் நாயைப் பட்டினி போடுவது வழக்கம். முயலால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினி போட்டால் குடல் இயக்கம் நின்றுவிடும். எனவே முயலுக்கு அவ்வழக்கம் கூடாது.

சென்னையில் மருத்துவம் நாடுதல்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய தென், நடுச்சென்னைப் பகுதிகளில் தனியார் செல்லப்பிராணி மருத்துவமனைகள் பல உள்ளன. அவற்றுக்கு வருபவை மிகப் பெரும்பாலும் நாய்களும் பூனைகளுமே. கால்நடை மருத்துவப் படிப்பில் முயல் இடம்பெறாமல் இல்லை. ஆனால் அது பெரிதும் பண்ணை விலங்காகவே கற்பிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சியும் இறைச்சி, உரோமம் ஆகியவற்றையே நோக்கமாகக் கொண்டு வளர்ந்தது. கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூர் மத்திய ஆட்டின ஆராய்ச்சி நிலையம் இதற்குச் சான்று. பண்ணை நூல்கள் நாட்பட்ட மூக்கொழுக்குள்ள முயலைக் கூட்டத்திலிருந்து கழித்துவிடுமாறு கூறுகின்றன. நூறு முயல் வைத்திருப்பவருக்கு அது சரியான அறிவுரை. ஒரே ஒரு முயலைப் பிள்ளைபோல் வளர்க்கும் வீட்டிற்கு அதனால் பயனில்லை. 'முயலுக்கு இதெல்லாம் சகஜம்' என்ற விடையுடன் உரிமையாளர் திருப்பி அனுப்பப்படுவதற்கு இப்பயிற்சி இடைவெளியும் ஒரு காரணம் எனலாம்.

எனவே நேரில் செல்லுமுன் தொலைபேசியில் சிலவற்றைக் கேட்டறிவது நன்று. அங்கு முயல்கள் வாடிக்கையாகப் பார்க்கப்படுகின்றனவா, மூக்கு ஒற்றுமாதிரியை ஆய்வகத்திற்கு அனுப்புவார்களா, மயக்கத்திற்கு முன் பட்டினி போடச் சொல்வார்களா என்ற வினாக்கள் போதுமானவை. மூன்றாவது வினாவிற்கு 'இரவு முழுதும் உணவு கொடுக்காதீர்கள்' என்று விடை வந்தால் வேறிடம் தேடுவதே உகந்தது.

வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 இல் தொடங்கப்பட்டது. 1989 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் அங்கமாக இப்போது உள்ளது. இதன் போதனை மருத்துவமனையில் மருத்துவப் பிரிவு, அறுவைப் பிரிவு, கதிர்ப்படப் பிரிவு, நுண்ணுயிரியல் துறை ஆகியன ஒரே வளாகத்தில் இருப்பது நாட்பட்ட நோய்க்கு வாய்ப்பான ஏற்பாடாகும். மாறாக, கூட்டம் மிகுதி. ஒவ்வொரு வருகையிலும் ஒரே மருத்துவரைப் பார்க்க இயலாது போகலாம். எனவே கொடுக்கப்பட்ட மருந்து, அளவு, நாள், எடை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி உடன் கொண்டுசெல்வது இன்றியமையாதது. முயலின் எடை நோயின் போக்கை மற்றெதையும்விடத் தெளிவாகக் காட்டும். சமையலறை எடைக்கருவியே போதும்.

பயணமும் ஒரு பொருட்டு. அடையாறிலிருந்து வேப்பேரிக்கு ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர். போக்குவரத்து நெரிசலில் ஆட்டோவில் ஒரு மணி நேரமும் ஆகலாம். முயலுக்கு வியர்ப்பதில்லை. அது பெரும்பாலும் காதுகள் வழியாகவே வெப்பத்தை வெளியேற்றுகிறது. 30 பாகை செல்சியசுக்கு மேல் துன்புறத் தொடங்கும். சென்னையில் மே மாதத்தில் 40 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. மூக்கடைத்த முயலை அவ்வெயிலில் கொண்டுசென்றால் நோயினால் அன்றி வெப்பத்தாக்கினால் வழியிலேயே இறக்கக்கூடும். காலையில் முதலாவதாகச் செல்லுதல், உறையவைத்த நீர்ப்புட்டியைத் துணியில் சுற்றிக் கூடையினுள் வைத்தல், வழியில் கொறிக்கப் புல் இடுதல் ஆகியன நடைமுறையில் உதவும். நாய்கள் குரைக்கும் காத்திருப்புக் கூடத்தில் கூடையை மூடி வைப்பது நல்லது.

வீட்டுப் பராமரிப்பு

முயலின் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா மூக்கின் நுண்மயிர்களைச் செயலிழக்கச் செய்கிறது. அடுக்ககங்களில் காற்றோட்டமற்ற பால்கனி மூலையில் வைக்கப்படும் கூண்டு, குறிப்பாக வடகிழக்குப் பருவமழைக் காலத்து ஈரத்தில், நோயை வளர்க்கும் இடமாகிறது. தரைவிரிப்பை நாள்தோறும் மாற்றினால் இத்தீங்கு பெரிதும் குறையும். தூசு படிந்த வைக்கோலும் மரத்தூளும் தவிர்க்கத்தக்கவை.

உணவில் புல்லே முதன்மை. கப்பலில் வரும் திமோத்தி உலர்புல் விலை கூடுதல். மயிலாப்பூர் கோயில் வாயில்களில் பிள்ளையாருக்கென விற்கப்படும் அருகம்புல்லை நன்கு கழுவிக் கொடுக்கலாம். முயல் விரும்பித் தின்னும். மூக்கடைத்த முயலுக்கு மணம் தெரியாததால் உணவை வெறுக்கும். கொத்தமல்லி, புதினா போன்ற மணமுள்ள கீரைகள் அப்போது உதவும். அரைநாளுக்கு மேல் எதுவும் தின்னாமலும் புழுக்கை இடாமலும் இருந்தால் அது மூச்சுநோயைவிட விரைவில் கொல்லும் குடல் முடக்கமாகும்; உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

செல்ல முயல்களுக்கு இந்நோயைத் தடுக்க நம்பகமான தடுப்பூசி பொதுப் பயன்பாட்டில் இல்லை. புதிதாக வாங்கும் முயலைச் சில வாரங்கள் தனியறையில் வைத்துப் பார்த்த பின்னரே பழைய முயலுடன் சேர்க்க வேண்டும். முற்றிலும் குணமாகாத முயல்களும் எடை குறையாமல், உணவு தின்று, அவ்வப்போது தும்மிக்கொண்டு பல ஆண்டுகள் வாழ்வதுண்டு; அத்தகைய முயலுக்கு ஒவ்வொரு தும்மலுக்கும் மருந்து கொடுக்கப்படுவதில்லை. ஒழுக்கு தடித்தாலோ, எடை இறங்கினாலோ, மூச்செண்ணிக்கை கூடினாலோ மீண்டும் ஒற்றுமாதிரி எடுக்கப்படும்.